பத்தாவது வீட்டுக் கடிதம்

என் வீட்டுக்காரருக்கு அவருடைய குடும்பம் வைத்த பெயர் மேதை. கேலியாக வைத்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவர்கள் நம்பி வைத்தார்கள், அதுதான் சிக்கல். பத்து வயதில், யாரும் சொல்லித்தராமல், வீட்டுக் கம்ப்யூட்டரில் அவரே ஒரு விளையாட்டை எழுதினார் என்பது அந்த வீட்டு வரலாறு. ஒரு தபால்காரர் தெருவில் வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டு போவார், ஒரு நாய் துரத்தும், அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் என் மாமனார் உயிரோடு இருந்தவரை, அதைச் சொல்ல ஆரம்பித்தாரானால் கேட்பவர் கையிலிருக்கும் காபி ஆறி ஏடு கட்டிவிடும்.

அந்தக் கதையில் நானும் விழுந்தவள்தான். எங்களை முதன்முதலில் அறிமுகப்படுத்திய நாளில் என் வீட்டுக்காரர் இதைத்தான் சொன்னார். நான் அப்போது ஒரு டிவி சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். சாலிடரிங் அயர்ன் பிடிக்கும் பெண்ணை எல்லாரும் கண்காட்சிப் பொருள் மாதிரி பார்த்த காலம். பத்து வயதில் புரோகிராம் எழுதிய மனிதர் கிடைத்தால் விடுவேனா? கட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது, அவர் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். காலையில் ஒரு மீட்டிங், மாலையில் ஒரு மீட்டிங், நடுவில் அடுத்த மீட்டிங் எப்போது என்று முடிவுசெய்ய ஒரு மீட்டிங்.

நான் டிவியை விட்டுப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்துவிட்டேன். விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே பலகையாக இருக்கும், டிவியில் செருகிப் பார்க்க வேண்டும், புரோகிராமை டேப் ரெக்கார்டரிலிருந்து ஏற்ற வேண்டும், அந்த ரகம். பால்கனிக்குக் கண்ணாடி போட்டு வேலை அறை ஆக்கியிருக்கிறோம். மழை பெய்தால் ஓரமாக ஒழுகும், அங்கே மட்டும் மேஜை கிடையாது. மெஷின் கொண்டுவருகிறவர்கள் கூடவே ஒரு கதையும் கொண்டுவருவார்கள். கதையைக் காதில் வாங்காமல் மீட்டரை எடுப்பது என் பழக்கம். என் வீட்டுக் கதையையும் அப்படியே மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம், தோன்றவில்லை.

போன மாதம் நகர நூலகத்தில் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி என்று என்னிடம் ஐந்து மெஷின் கேட்டார்கள். நூலகர் அம்மா வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தபோது மேதை குறுக்கே புகுந்தார். சனிக்கிழமை காலை பத்து நிமிடம் 'பத்து வயதில் நான் எழுதிய விளையாட்டு' என்று அவர் பேசுவது, கூடவே அந்த விளையாட்டையே மேடையில் ஓட்டிக் காட்டுவது என்று முடிவாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஒரு வாரத்தில் தயார்செய்ய ஆறாவதாக ஒரு மெஷின்.

மேதையின் அந்தப் பழைய மெஷின் அவருடைய அக்கா வீட்டு அலமாரி உச்சியில் தலையணை உறையில் சுற்றிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவந்து, அதோடு வந்த பழைய அடாப்டரை அப்படியே பிளக்கில் செருகப் போனார். கையில் ஒன்று போட்டேன். நாற்பது வருடம் தூங்கிய அடாப்டரை நம்பி மெஷினை விடுவது, ஓட்டத் தெரியாதவன் வண்டியில் ஏறி உட்காருவதற்குச் சமம். ஒயரின் தோல் கையோடு உதிர்ந்து வந்தது. ஓரமாக வைத்துவிட்டு என்னுடைய பவர் சப்ளையைக் கொடுத்தேன். டிவியில் கோடு கோடாக வந்தது. மெஷினுக்கு நினைவு போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

உள்ளே எட்டு மெமரி சிப் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எட்டில் எது போனது என்று பார்க்க ஆயிரம் வழி இருக்கிறது, நான் முதலில் விரலைத்தான் வைப்பேன். ஏழு வெதுவெதுப்பாக இருந்தது, ஆறாவது விரலைச் சுட்டது. நல்ல சிப் ஒன்றை அதன் முதுகில் கால்மேல் கால் படும்படி ஏற்றி வைத்தேன். கோடுகள் மறைந்து திரை பளிச்சென்று வெள்ளையாயிற்று. கெட்டதைப் பிடுங்கிப் புதியதைப் பொருத்தினேன். விசைகளுக்கு அடியிலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்பளமாக நொறுங்கியிருந்தது, அதையும் மாற்றினேன். மேதை இவ்வளவு நேரமும் பின்னால் நின்றுகொண்டு, இந்த மெஷினை நான் எப்படி ஆட்டிவைத்தேன் தெரியுமா என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் ஆபீஸ் போன பிறகு என் நாத்தனார் வந்தார். மேதைக்கு ஒன்பது வயது மூத்த அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மருந்துக்கடையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் கண்ணாடி போடாமல் படிப்பார். அதிகம் பேச மாட்டார், பேசினால் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் வாரிவிட்டுப் போவார். பையிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மேதை மெஷின மட்டும் தூக்கிட்டு வந்துட்டார். விளையாட்டு கேசட்லல்ல இருக்கு. அது அவருக்கு மறந்துபோச்சு போல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த விளையாட்ட எழுதினது நான்," என்றார்.

ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தேன். நாற்பது வருடக் கதையை ஒருவர் இரண்டு நொடியில் மாற்றிச் சொன்னால் நம்புவதா, டீ போடுவதா? டீ போட்டேன். திரும்பி வந்து, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லச் சமயமே வரவில்லை, அப்பா இருந்தவரை அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை, அப்புறம் பழகிவிட்டது என்றார். இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன்.

"சனிக்கிழம அவன் மேடை ஏறி நான் எழுதினேன்னு சொல்லுவான். எல்லாரும் கை தட்டுவாங்க. நானும் தட்டணும். நாப்பது வருஷமா தட்டிட்டேன்மா. இந்தத் தடவ கை வரும்னு தோணல."

சாட்சி கேட்டேன். மெஷினைத் தவிர சாட்சி கிடையாது என்றார். யாரிடமும் சொல்லச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. ஓடவைத்துக் கொடு, அது போதும் என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அண்ணி சொல்வது நிஜமானால், நான் கட்டிக்கொண்டவர் நான் நினைத்துக் கட்டிக்கொண்டவர் இல்லை. பொய்யானால், எனக்குப் பிடித்த ஒரே நாத்தனார் பொய்க்காரி. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் எனக்குத்தான். அன்று சாயங்காலம் மேதை கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார். "ஒரு சிறுவனின் விரல்கள்" என்று ஆரம்பித்தார். நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை டேப் ரெக்கார்டரைத் திறந்தேன். ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்துப் புதியது போட்டேன். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அப்போது பார்த்தால் ஹெட் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஹெட் டேப்புக்கு நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் சத்தம் மந்தமாகும். பாட்டு கேட்க அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பினால் ஹெட் நிமிரும். வந்த பொருள் வந்ததைவிட நன்றாகத் திரும்பிப் போக வேண்டும் என்பது என் கொள்கை. கடையில் வாங்கிய ஒரு நல்ல கேசட்டை ஓடவிட்டு, சத்தம் கணீரென்று வரும்வரை திருப்பி, ஹெட்டை நூல் பிடித்த மாதிரி நிறுத்தினேன். அந்தக் கேசட்டிலிருந்த விளையாட்டு முதல் தடவையிலேயே ஏறியது.

பெருமையோடு அண்ணியின் கேசட்டைப் போட்டேன். ஏறவில்லை. பிழை என்று ஒரு வரி வந்து நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி அதே வரி. சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ஒயரை மாற்றினேன், மெஷினை மறுபடி திறந்து எட்டு சிப்பிலும் விரல் வைத்தேன். புதன்கிழமை முழுக்க இதே பாடு. கேசட் கெட்டுவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மேதையிடம் சொன்னபோது ஒரு நிமிடம் முகம் வாடியது, அப்புறம் ஒரு தெளிவு வந்தது. அதனாலென்ன, விளையாட்டு இல்லாமலே பேசிவிடுகிறேன் என்றார். அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். வந்தார். கேசட்டைப் போடு, கேட்கிறேன் என்றார். கீச்சென்ற அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மூக்கடச்ச மாதிரி இருக்கே. அந்தக் குட்டி ஸ்க்ரூவத் தொட்டியா?"

தொட்டேன், சரிசெய்தேன் என்றேன்.

"அதான்," என்றார்.

கம்ப்யூட்டர் வாங்கிய அதே வாரம் மேதை ஒயரில் கால் தடுக்கி ரெக்கார்டரை ஸ்டூலிலிருந்து கீழே தள்ளிவிட்டாராம். அன்றிலிருந்து ஹெட் கோணல். கடைக் கேசட் எதுவும் ஏறாது. அதே ரெக்கார்டரில் பதிவுசெய்தது மட்டும்தான் அதில் ஏறும், ஏனென்றால் பதிந்ததும் அதே கோணலில்தான். எனக்குச் சுரீரென்றது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். இரண்டு நாளாக நான் ஊரெல்லாம் தேடிய கோளாறு, நான் செய்த ரிப்பேர்.

"கோணலா எழுதினத கோணலாத்தான் படிக்கணும். முப்பத்தஞ்சு வருஷம் டாக்டருங்க எழுத்தப் படிச்சிருக்கேன், இது தெரியாதா?" என்றார் அண்ணி.

நல்ல நிலையிலிருக்கும் பொருளைக் கெடுப்பது எனக்குக் கை கூசும் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூவைப் பின்னோக்கித் திருப்பினேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டே, இன்னும், இன்னும் கொஞ்சம், நிறுத்து, ஒரு இழை திரும்பி வா என்று சொல்லிக்கொண்டு வந்தார். சத்தத்துக்குத் தொண்டை திறந்தது. கேசட்டை முதலிலிருந்து ஓட்டினேன். நாலு நிமிடத்தில் திரையில் ஒரு தெரு வந்தது. வரிசையாக வீடுகள், தொப்பி வைத்த தபால்காரர், மேலே கொட்டை எழுத்தில் 'எழுதியவர்' என்று போட்டு என் வீட்டுக்காரரின் பெயர்.

நான் அண்ணியைப் பார்த்தேன்.

அதைப் போட்டதும் தான்தான் என்றார். கம்ப்யூட்டர் தம்பிக்காக வாங்கியது. அண்ணிக்குக் கடைசி வருடப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, இதைத் தொட்டால் அப்பா திட்டுவார். திடீரென்று எட்டிப் பார்த்தாலும் திரையில் தம்பி பெயர் இருக்கட்டும் என்று போட்டுவைத்தாராம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். ஸ்க்ரூ எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் புரோகிராம் எழுதியதாக ஆகிவிடுமா? எங்கள் அப்பாவுக்கு ரேடியோவை எந்த இடத்தில் தட்டினால் பாடும் என்று தெரியும், அதற்காக அவர் பாடகரா?

இந்த நேரம் பார்த்து மேதை சீக்கிரமாக வந்து சேர்ந்தார். ஏதோ மீட்டிங் தள்ளிப்போயிருந்தது. பால்கனிக்குள் நுழைந்தவர் திரையில் தன் பெயரைப் பார்த்தார். அப்படியே மலர்ந்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தார். நன்றாகவே விளையாடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். நாய்க்குத் தப்பித்தப்பி ஒன்பது வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டு, கையை எடுத்துவிட்டார்.

முடிந்துவிட்டதா என்று கேட்டேன். ஒன்பது கடிதத்தோடு முடியும்படிதான் எழுதினேன் என்றார். திரையில் பத்து வீடு இருக்கிறதே என்றேன். பத்தாவது அழகுக்கு வைத்தது என்றார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்வீட்டு மாடியில் உலரும் துணிகளைப் பார்த்தார். எனக்கு உள்ளே ஏதோ உறைத்தது. விசைகளை வாங்கி, தபால்காரரைப் பத்தாவது வீட்டு வாசலுக்கு நடத்திப்போனேன். கடிதம் போட்டதும் விளையாட்டு செத்து நின்றது. கீழே அறுநூற்றுப் பத்தாவது வரியில் பிழை என்று வந்தது.

நூலகத்தில் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குக் கட்டாயம் போவார் என்று சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்தது. சரி பண்ணிக் கொடேன் என்றார்.

"நான் மெஷின் ரிப்பேர்தாங்க பாப்பேன். எழுத்து உங்களுது. நீங்களே பண்ணிடுங்க."

கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் எழுதியதைத் திரையில் வரவழைக்க வேண்டும், அதற்கு லிஸ்ட் என்று ஒரு கட்டளை. அவர் எல், ஐ, எஸ், டி என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். இந்த மெஷினில் கட்டளைகளை எழுத்துக்கூட்டி அடிக்கக் கூடாது. ஒரு கட்டளைக்கு ஒரு விசை, அழுத்தினால் முழு வார்த்தையும் வந்து விழும். எல் விசைக்கு உரிய வார்த்தையே வேறு. திரையில் அர்த்தமில்லாத ஒன்று வந்து, மெஷின் ஒரு கேள்விக்குறியை மினுக்கியது. மறுபடி அடித்தார், மறுபடி கேள்விக்குறி. விசைப்பலகை இன்னும் சரியாகவில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அண்ணி ஜன்னலிலிருந்து திரும்பாமல் கையை மட்டும் நீட்டி, கே விசையைத் தட்டினார். எழுதிய வரிகள் மளமளவென்று ஓடி வந்தன.

மேதை அறுநூற்றுப் பத்தாவது வரியைக் கண்டுபிடித்து உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த வரியில் ஒரு குற்றமும் இல்லை. பல் கெட்டிருக்கும், காது வலிக்கும், அந்த மாதிரி கோளாறு. பத்து நிமிடம் ஆயிற்று. கழுத்தில் வியர்வை ஓடியது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் நான் விடவில்லை.

"நாப்பதாவது வரியப் பாரு," என்றார் அண்ணி, இன்னும் துணிகளைப் பார்த்தபடி. "அடைப்புக்குறிக்குள்ள ஒம்போதுன்னு இருக்கும். பத்தாக்கு."

மேலே போய்ப் பார்த்தோம். ஒன்பது என்று இருந்தது. எத்தனை வீட்டுக்கு இடம் ஒதுக்குவது என்று சொல்லும் வரி அது. ஒன்பது வீட்டுக்குத்தான் இடம், பத்தாவது கடிதம் போய் நிற்க இடமில்லை. எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்க்காமல், நாற்பது வருடம் கழித்து, இன்ன வரியில் இன்ன எண் என்று சொல்ல, அதை எழுதியவரால்தான் முடியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்த குடும்பத்தில் நான் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

மேதை எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அண்ணி உட்கார்ந்து அந்த வரியை மறுபடி அடித்தார். விரல் தானாகப் போயிற்று. எங்கள் தெருவில் அப்போது ஒன்பது வீடுதான் இருந்தது, அதனால் முதலில் ஒன்பது வைத்தேன், அப்புறம் மூலையில் புதிதாக ஒரு வீடு கட்டினார்கள், வரைந்தேன், நாற்பதாவது வரியை மாற்ற மறந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னார். பிறகு தம்பியிடம் விசைகளைத் தள்ளினார்.

"போ. பத்தாவது வீட்டுக்கும் போட்டுட்டு வா."

அவர் விளையாடினார். இந்தத் தடவை நாய் இரண்டு தரம் பிடித்துவிட்டது. கடைசியில் பத்தாவது வாசலில் கடிதம் விழுந்தது. தெரு மறைந்தது. இதுவரை யாருமே பார்த்திராத ஒரு திரை வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், எழுத்துப்பிழையோடு இரண்டு வரி.

ஆட்டத்த எழுதினது அக்கா.
வாசல்ல காவல் நின்னது தம்பி.

இந்த இரண்டு வரி கேசட்டில் ஏறியிருக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை, அதனால்தான் சொல்லவில்லை என்றார் அண்ணி. அந்த நாளில் நடந்ததை மேதைதான் சொன்னார். அக்கா எழுதும்போதெல்லாம் அவர் முன்வாசலில் நிற்பார். அப்பா தெரு முனையில் தெரிந்தால் ஓடிவந்து சொல்வார். ஒருநாள் அப்பா பின்வாசல் வழியாக வந்துவிட்டார். செருப்புச் சத்தம் கேட்டு இவர் ஓடிவந்து, அக்காவை எழுப்பிவிட்டு நாற்காலியில் தாவி உட்கார்ந்தார். அக்காவைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தார். அப்பா பார்த்தது, நாற்காலியில் மகனையும் திரையில் மகன் பெயரையும். அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சொல்லப் போய்விட்டார்.

"சந்தோஷமா இருந்துச்சுக்கா," என்றார் என் வீட்டுக்காரர். "அப்பா என்னத் தூக்கினது அது ஒரு தடவதான். அப்புறம் இல்லன்னு சொல்ல வாய் வரல."

"பத்து வயசுல வரல, சரி. இருபதுல? முப்பதுல?" என்று கேட்டார் அண்ணி. குரல் ஏறவே இல்லை. "அன்னிக்கு ராத்திரி படுத்தப்புறம்தான்டா எனக்கு நாப்பதாவது வரி ஞாபகம் வந்துச்சு. காலைல மாத்திட்டு உன்ன விளையாடச் சொல்லணும்னு நெனச்சேன். காலைல மெஷின் உன் ரூமுக்குப் போயிருச்சு."

அவர் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, அந்தப் பத்து வயதுப் பையனை நினைத்துக் கஷ்டமாகவும் இருந்தது, இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் அக்காவைப் பார்த்து, சனிக்கிழமை நான் என்ன சொல்லட்டும், நான் எதுவுமே செய்யவில்லையே என்றார்.

"திரைல இருக்கறதச் சொல்லு," என்றார் அண்ணி.

சனிக்கிழமை நூலகக் கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். என் ஆறு மெஷினும் நீள மேஜையில் வரிசையாக இருந்தன. நூலகர் அம்மா மேதையைப் பெரிய வார்த்தைகளில் அறிமுகப்படுத்தினார். அவர் எழுந்தபோது சிறுவனின் விரல்கள் மறுபடி வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அண்ணி என் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த விளையாட்ட எழுதினது நான் இல்ல, எங்க அக்கா," என்றார். "நான் வாசல்ல காவல் நின்னேன். அதையும் ஒழுங்கா நிக்கல."

கூடம் சிரித்தது. அவர் மீதியையும் சொன்னார், அப்பா தூக்கியதையும், தான் வாயை மூடிக்கொண்டதையும், எதையும் மிச்சம் வைக்கவில்லை. பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் நடத்திய மிகச் சிறிய மீட்டிங் அதுதான். முதல் கைதட்டு என்னுடையது. அண்ணி தட்டவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்துத் தட்டியதால் அவருக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மெஷின் முன்னால் அவரை உட்காரவைத்தார்கள். கூட்டத்தில் ஒருவர், உங்கள் தெருவில் இப்போது எத்தனை வீடு என்று கேட்டார். பதினொன்று என்றார் அண்ணி. அப்படியானால் அதையும் சேருங்களேன் என்றார்கள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, கே விசையைத் தட்டி, வரிகளை வரவழைத்தார். எல்லாரும் நாற்காலியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

என் வீட்டுக்காரரைக் காணோமே என்று தேடினேன். கூடத்தின் கோடியில் பின்கதவு ஒன்று திறந்துகிடந்தது, அதைச் சாத்திக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் போட்டு, ஒரு தரம் இழுத்தும் பார்த்தார். அப்புறம் ஓரமாகவே நடந்து முன்வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா வர்றாராடா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நீ பாட்டுக்கு எழுது."

அண்ணி எழுதினார். பதினோராவது வீட்டுக்குக் கூரை போட்டு, நாற்பதாவது வரியை ஞாபகமாக மாற்றி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை என் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை.